வதனிக்குச் சொன்னது

வந்தாறுமூலை,
25.08.1997.

அன்பு மகன் தயாபரனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் உன் தங்கச்சி வதனியும் சுகமாக இருக்கிறோம். சுகம் என்ற சொல்லை இந்த முறை கை தயங்காமல் எழுதியது. ஏன் என்பது போகப் போக உனக்கு விளங்கும். நீயும் அந்த வெயிலில் காய்ச்சல் தலையிடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கோபத்தில் எழுதியிருக்கிறாய். ஓர் இடத்தில் பேனை தாளைக் கிழித்திருக்கிறது. லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பிய நம் ஊர்ப் பொடியன் ஒருவன் வதனிக்கு ஒரு பொடியனோடு பழக்கம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறான். பள்ளிக்கூடத்தை நிறுத்துங்கள், பெரியம்மா பார்த்த இடத்தில் கட்டிக் கொடுங்கள், என் முகத்தில் கரி பூச வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு முறை வாசித்தேன். அப்பாவிடம் காட்டினேன். வதனியிடம் காட்டவில்லை. நீ கேள்விப்பட்ட கதை பொய். ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். நடந்ததை என் எழுத்தில்தான் நீ அறிய வேண்டும். அறையில் மற்றப் பொடியன்மார் இல்லாத நேரமாகப் பார்த்து வாசி.

மற்றப் புதினங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டையில் நம் வேளாண்மை, நெல் முற்றிக் கதிர் சாய்ந்து நிற்கிறது. வெட்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். இளம் பொடியன்மார் வெளியில் இறங்கப் பயப்படுகிறார்கள். அப்பாவும் அவர் வயதுக்காரரும்தான் கத்தியோடு போகிறார்கள். பொழுது பட்ட பிறகு வாவியில் தோணி இறக்கக் கூடாது என்கிறார்கள், அதனால் மீன் விலை ஏறிவிட்டது. இறால் மட்டும் கொஞ்சம் மலிவு. கூட்டுறவுச் சங்கக் கடையில் என் வேலை முன்போலத்தான். மண்ணெண்ணெய் வரும் நாளில் வரிசை பிள்ளையார் கோயில் வரைக்கும் நிற்கும். அந்த வரிசையில்தான் ஊர்க் கதை எல்லாம் பிறக்கிறது. உனக்கு வந்த கதையும் அங்கே வளர்ந்ததுதான்.

போன வருஷம் வைகாசியில் வதனி பெரிய பிள்ளையானது உனக்குத் தெரியும். நீ அனுப்பிய நீலச் சேலையைத்தான் தண்ணீர் வார்த்த அன்று உடுத்தாள். அவளை உள்ளே இருத்தியிருந்த நாட்களில் பெரியம்மாதான் பக்கத்தில் இருந்து எல்லாம் பார்த்தார். அவருடைய வீடு வேலிக்கு அப்பால்தானே. நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்தார், கத்தரிக்காய் ஆக்கிக் கொடுத்தார், கூடவே புத்தியும் சொன்னார். இனிக் கவனமா இரிக்கணும் புள்ள, ஆம்பிளட கை பட்டாப் போதும், வயித்தில தங்கிரும் என்று. வேறு விளக்கம் கிடையாது. அக்காவை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் அம்மா எங்களுக்கும் இதைத்தான் சொன்னார். நாங்கள் கலியாணம் முடித்த பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்படியே அதை அடுத்த பிள்ளைக்கும் கொடுத்தோம். பயம் இருந்தால் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு.

மாசியில் ஒரு நாள் செங்கலடிப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், சென்றிக் காவலரணில் புதிதாக வந்த ஆமிக்காரர் நின்றிருக்கிறார்கள். சைக்கிளில் போன பிள்ளைகள் எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளைச் சோதிக்கிற பெண் சிப்பாய் அன்றைக்கு இல்லை. இயக்கத்தில் பயிற்சி எடுத்தவர்களுக்குத் தரையில் தவழ்ந்து தவழ்ந்து முழங்கையில் தழும்பு இருக்குமாம். அதைத் தேடி வரிசையாக எல்லோருடைய கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். வதனியின் கையையும். பார்த்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. நான் வேலையால் வந்தபோது தலை முழுகிவிட்டு இருந்தாள். வெள்ளிக்கிழமையும் இல்லாமல் ஏன் முழுகினாய் என்று கேட்டேன். வேர்த்தது என்றாள்.

பிறகு அவளுக்கு மாதச் சுகயீனம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. பெரிய பிள்ளையான முதல் வருஷங்களில் அப்படித் தவறுவது வழமை என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். கை பட்டது. வரவில்லை. அப்படியென்றால் தங்கிவிட்டது. அதன் பிறகு நடந்ததைக் கேள். சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கிறாள். பட்டினி கிடந்தால் கரைந்துவிடும் என்று நினைத்தாளாம். வயிறு தெரியக் கூடாது என்று உன் பழைய கைநீளச் சேட்டை எடுத்துச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு திரிந்தாள். அண்ணன் ஞாபகமாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். மெலிந்தாள். பள்ளிக்கூடத்துக்குத் தலை சுற்றுது என்றாள். வைகாசியில் ஒரு காலை வெறும் வயிற்றில் கிணற்றடியில் ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டு இருந்தபோது பெரியம்மா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டார்.

பெரியம்மாவுக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. மெலிவு, சத்தி, பெரிய சேட்டு. வேலியில் ஆள் நுழைகிற கண்டாயத்தால் வந்து என்னைக் கூப்பிட்டார். அரசி, இஞ்ச வாகா, உன்ட மகள் இரிக்கிற கோலத்தப் பாக்கிறல்லையா நீ, சங்கத்தில மாவு நிறுத்து நிறுத்து உனக்குக் கண் தெரியாமப் பெயித்தா என்று. பிறகு வதனியின் தாடையைப் பிடித்துத் தூக்கிக் கேட்டார். ஆரு? ஆரெண்டு சொல்லு. அவள் முகத்தைத் திருப்பினாள். பெரியம்மா விடவில்லை. கடைசியில் அவள் சொன்னாள், ஆமிக்காரன் என்று.

மகன், அந்த ஒரு சொல்லை நாங்கள் மட்டும் கேட்கவில்லை. வாசலில் அப்பா நின்றிருந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வட்டையில் மண்வெட்டிக்கு வேலையே இல்லை. நமக்குத் தெரிந்த குடும்பங்களில் நடந்தவை உனக்கும் தெரியும், அவற்றை நான் எழுதத் தேவையில்லை. பெரியம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய், கல்குடாவில் தன் மச்சாளின் மகன் ஒருவன் இருக்கிறான், கடலுக்குப் போறவன், ஒன்றும் கேட்க மாட்டான், வயிறு தெரிய முன்னம் முடிச்சிரு, ஆமிட கதைய ஒருத்தருட்டயும் சொல்லாத, ஒரு பொடியனோட பழக்கம் எண்டே இரிக்கட்டும், அது நமக்குக் கொஞ்சம் வெக்கம்தான், மற்றது பேரழிவு என்று சொன்னார். நீ கேள்விப்பட்ட பொடியன் அப்படிப் பிறந்தவன்தான். அப்படி ஒருவன் உலகத்தில் இல்லை.

அக்கா, நீங்க வீட்ட போங்க என்றேன். இத்தனை வருஷத்தில் அவருக்கு நான் அப்படிச் சொன்னது கிடையாது. போனார். சட்டியில் காலையில் வாங்கிய இறால் இருந்தது. வதனியைக் கூப்பிட்டு, வா உடைப்பம் என்றேன். எதிரெதிரே இருக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். கைக்கு வேலை இருந்தது, கண்ணுக்கும் இறால் இருந்தது. முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கும் கேட்க வாய் வந்திராது. எங்க வச்சுப் புள்ள என்று கேட்டேன். சென்றியில் என்றாள். ஆக்கள் நிண்டவங்களா? ஓம், எல்லாப் பிள்ளையளும் நிண்ட. என்ன செஞ்சவன்? அவள் இறாலை வைத்துவிட்டு உன் சேட்டின் கையை மடித்து முழங்கையை என் முன்னால் நீட்டினாள். இதப் புடிச்சுத் திருப்பினவன். மறுகா? மறுகா போகச் சொல்லிட்டான். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. அவ்வளவும் காணாதாம்மா வயித்தில தங்க என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கினேன். அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. மாசியில் இருந்து தனியாகச் சுமந்திருக்கிறாள். ஒரு பக்கத்தில் ஆமி, மறுபக்கத்தில் இயக்கம், இரண்டுக்கும் நடுவில் நாங்கள் சொன்ன ஒரு பொய். மூன்றில் அவளைக் கிட்டத்தட்டக் கொன்றது நம் வீட்டுப் பொய்தான்.

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். தொடங்குவதுதான் பாடு. உடம்பின் அந்த இடங்களுக்கு நம்மிடம் சொற்கள் இல்லை மகன். யோசித்துப் பார். தெருச் சண்டையில் வைகிற சொல் இருக்கிறது, பாடப் புத்தகத்துச் சொல் இருக்கிறது. நடுவில், ஒரு தாய் மகளுக்குச் சொல்ல, ஒன்றும் கிடையாது. புத்தகச் சொல்லையே எடுத்தேன். அவளுக்கு அவை தெரிந்திருந்தன. சுகாதாரப் பாடத்தில் அந்த இடம் வந்தபோது ரீச்சர் இதை வீட்டில் வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாராம். வீட்டில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள் என்று இருந்தோம். பிள்ளை இரண்டுக்கும் நடுவில் சென்றியில் நின்றது.

பிள்ளை எப்படி உண்டாகிறது என்று சொன்னேன். கை பட்டு, முழங்கை பட்டு, பஸ்ஸில் ஆம்பிளை இருந்த சீற்றில் இருந்து ஒருக்காலும் உண்டாகாது என்று சொன்னேன். பஸ் சீற்றும் அவளுடைய பயத்தில் இருந்தது, கேட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். மாதம் தவறுவது ஏன் என்று சொன்னேன். பயத்துக்கும் பட்டினிக்கும் தவறும் என்று சொன்னேன். ஆனால் ஒன்றையும் சொன்னேன், அது முழங்கைதானே என்று நான் விட்டுவிடவில்லை. உனக்கு விருப்பம் இல்லாமல் ஒருவன் கை பட்டால் உனக்கு அருவருப்பாக இருந்தது சரிதான், அந்த அருவருப்பு உன் குற்றம் இல்லை, அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தாலும் உன் குற்றம் இல்லை, அன்றைக்கே என்னிடம் வா, நான் ஆரெண்டு கேட்க முன்னம் உனக்கு நோகுதா என்று கேட்பேன் என்றேன். அவள் அப்போதுதான் அழுதாள். இறால் கையோடு கண்ணைத் துடைத்து, எரியுது எரியுது என்று கத்தி, இருவரும் கிணற்றடிக்கு ஓடினோம்.

அழுது முடிந்தவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. விரும்புறது எண்டா என்ன, அது பாவமா, ஒருத்தன விரும்பினா ஒடனே கலியாணம் முடிக்கணுமா என்று. விரும்புவது பாவம் இல்லை, உன் வயதில் மனம் ஓடும், ஓடட்டும், ஆனால் அம்மாக்கிட்டச் சொல்லாத எண்டு ஒருத்தன் சொன்னா அவனைப் பற்றி முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றேன். யோசித்தாள். பிறகு, அப்பாவில உங்களுக்கு விருப்பமா என்று கேட்டாள். மீன் கொண்டுவாற நாளில விருப்பம் என்றேன். கனகாலத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அவள் சிரித்த சத்தம் கேட்டது. அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள்.

அப்பாவிடம் சொல்ல நான் வட்டைக்கு நடந்து போனேன். வரம்பில் குந்தியிருந்தார். சும்மா. சொன்னேன். முழங்கையா என்று கேட்டார். முழங்கைதான் என்றேன். முழங்கையா என்று திரும்பவும் கேட்டார். பிறகு வாய்க்காலில் இறங்கி வெகுநேரம் முகம் கழுவினார். சில நாட்களில் வதனிக்குச் சுகயீனம் வந்தது. சங்கக் கடைக்கே ஓடி வந்து என் காதுக்குள் சொன்னாள். அந்தச் செய்தியை அவ்வளவு சந்தோசமாக ஒரு பெண் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் கடிதம் சின்னதாக இருந்திருக்கும். இனி எழுதப்போவதுதான் எனக்குப் பெருமையான இடம். வதனியின் வகுப்பில் படித்த, மேட்டுத் தெரு இலட்சுமிப்பிள்ளையின் மகள், அவளும் அன்றைக்குச் சென்றியில் நின்றவள். மாசிக்குப் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை. இயக்கத்துக்குப் பயந்து மறித்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். வதனி மட்டும் வேறு மாதிரி நினைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல் ஒரு பின்னேரம் அந்த வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னதை எல்லாம் சொல்லியிருக்கிறாள். அதுவும் தாய் பக்கத்தில் இருக்கத்தக்கதாக. நானே இறாலைப் பார்த்துக்கொண்டு சொன்னதை அவள் அவர்களுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கும் அதே பயம்தான் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் இலட்சுமிப்பிள்ளை சங்கக் கடைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து, இன்றைக்குச் சண்டைதான் என்று நினைத்தேன். என்னோடு வேலை செய்கிற ஏறாவூர்ப் பரீனாவும் தராசை விட்டுவிட்டு எழும்பிவிட்டாள். உன்ட மகள் நேத்து என்ட வீட்ட வந்து என்ன கதைச்ச எண்டு தெரியுமாகா என்று கேட்டார் இலட்சுமிப்பிள்ளை. தெரியாது என்றேன். வெக்கமில்லாமச் சொல்றாள் கா, எல்லாத்தையும் சொல்றாள், நான் வெளக்குமாற எடுத்திட்டன் என்றார். பிறகு? பிறகு கீழ வச்சிட்டன், முழுக்கக் கேக்கணும் போல இரிந்திச்சு என்றார். அப்படிச் சொல்லிவிட்டு மா மூட்டைப் பக்கம் என்னை இழுத்து, குரலைத் தாழ்த்தி, எனக்கும் ஒரு கேள்வி இரிக்கி என்றார். நாலு பிள்ளை பெற்றவர். என்ன கேள்வி என்று உனக்கு எழுத மாட்டேன். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொன்னேன். பரீனா சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டாள். எங்கட உம்மா ஆசுபத்திரி அலுமாரிக்குள்ள இருந்துதான் பிள்ளை எடுத்த எண்டு சொன்னா, என்ட தலைப்பிள்ளைக்குப் போய்ப் படுத்த நேரம் நான் அலுமாரியத் தேடின என்றாள். அன்றைக்கு மண்ணெண்ணெய் வரிசையை நாங்கள் நல்லாய்க் காத்திருக்க வைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு சிலர் வருகிறார்கள். சீனி வாங்க வந்தவர்கள் போல நின்று, ஆட்கள் போனதும், மகளுக்கு எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பக்கத்தில் இருந்து ஒரு வேலை செய்துகொண்டு கதையுங்கள், அவள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், பயம் மட்டும் காட்டாதீர்கள் என்கிறேன். இலட்சுமிப்பிள்ளையின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வதனியும் அவளும் சேர்ந்துதான் சைக்கிளில் போகிறார்கள். அதே சென்றியால்தான். பயம் இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் அது இப்போது உள்ளதுக்குப் பயப்படுகிற பயம். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எடுக்கிறாள். பள்ளிக்கூடத்தை நான் நிறுத்தப் போவதில்லை, கல்குடாவுக்கும் பதில் சொல்லியாயிற்று. பெரியம்மா எங்களோடு கதைப்பதில்லை. வெட்கம் கெட்ட குடும்பம் என்று வேலிக்குக் கேட்கச் சொல்கிறார். ஆனாலும் வதனிக்கு விருப்பமான மீன் காய்ச்சினால் கோப்பை வேலிக்கு மேலால் வருகிறது. கோப்பை மட்டும், கதை இல்லை.

இதை எல்லாம் ஓர் ஆம்பிளைப் பிள்ளைக்கு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். போன கிழமை பின்னேரம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது வதனி திடீரென்று, அண்ணனுக்கு இதெல்லாம் ஆரும்மா சொன்ன என்று கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வழமையாக இந்தக் கதை வந்தால் மாட்டுக்கு வைக்கோல் போட எழும்பிப் போகிறவர். அன்றைக்கு எழும்பவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, எனக்கும் ஒருத்தரும் சொல்லல்ல என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் இருந்தார்.

உன் கடிதத்தை அதற்குப் பிறகு இன்னொரு முறை வாசித்தேன் மகன். அப்போது அதில் கோபம் தெரியவில்லை. ஒன்றும் தெரியாத பயம்தான் தெரிந்தது. உனக்கு யார் சொன்னது? பள்ளிக்கூடத்தில் மறைவில் நின்ற பொடியன்மார், இப்போது அறையில் இருக்கிற பொடியன்மார். அவர்களுக்கு யார் சொன்னது? உனக்கும் நாவற்குடாவில் ஒரு சம்மந்தம் பேச்சில் இருக்கிறது. நம் வழமைப்படி நீ அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் வாழப் போகிறவன். ஒன்றும் தெரியாத ஒரு பிள்ளையின் முன்னால், ஒன்றும் தெரியாதவனாக, எல்லாம் தெரிந்தவன் போல நீ போய் நிற்பதை நான் விரும்பவில்லை. கேட்பதற்கு இருந்தால் கேள். என்னிடம் கேட்க வெட்கம் என்றால் அப்பாவுக்கு எழுது. நான் அதைத் திறக்க மாட்டேன். அவர் பதில் எழுதுவார், ஒரு மாதம் எடுப்பார், நாலு வரிதான் எழுதுவார், ஆனால் எழுதுவார். கேட்டுச் சொன்னேன், ஓம் என்றார்.

வதனிக்குத் தனியாக ஒரு தாள் வை. உன் கோபக் கடிதத்தைப் பற்றி அதில் எழுதாதே, அது அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சோதனைக்குப் படிக்கிறாயா என்று மட்டும் கேள். உன் சேட்டைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். கண்ணகை அம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் காக்க வேண்டும். நீ நல்ல மனிதனாகத் திரும்பி வர வேண்டும், நல்ல பெண்ணுக்கு நல்ல துணையாக வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள். வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. இந்தக் கடிதத்தைத் தபாலில்தான் போடுகிறேன். வழியில் எங்கேயாவது ஆமிக்காரர் உடைத்து வாசித்தாலும் வாசிக்கட்டும். வதனியின் கையைத் திருப்பிப் பார்த்தவனுக்கும் உன் வயதுதான் இருக்குமாம். அவனுக்கும் வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன்னிலும் வதனியிலும் பெருமை கொண்டிருக்கும்
அம்மா,
இ. மங்கையற்கரசி